பால்சோறும் அணில்குஞ்சும்

மூஞ்சூறைப் பூனை பிடிக்கும், கொல்லும், ஆனால் தின்னாது. மூஞ்சூறின் விலாப்பக்கச் சுரப்பிகளிலிருந்து கிளம்பும் கஸ்தூரி நெடி பூனைக்கு ஆகாது. அதனால்தான் கோவைப் பக்கம் விடியற்காலையில் பால் எடுக்கக் கதவைத் திறப்பவர்கள், வாசற்படியில் ஒரு மூஞ்சூறு முழு உடம்போடு கிடப்பதைப் பார்க்கிறார்கள். கூர்மூக்கு, பட்டுப் போன்ற சாம்பல் மயிர், அடியில் தடித்து நுனியில் மெலிந்த வால். ரத்தம் இருக்காது. பிடரி மயிரை ஒரு குச்சியால் விலக்கிப் பார்த்தால் சிறு பல்தடம் தெரியும். பூனையின் கோரைப்பல் கழுத்தெலும்பின் இரண்டு கணுக்களுக்கு நடுவே இறங்கித் தண்டுவடத்தை அறுத்த இடம் அது. பக்கத்தில் பூனை உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டில் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். "நமக்குன்னு புடிச்சுக் கொண்டாந்திருக்குதுங்க, பாவம்" என்பது ஒன்று. விளக்குமாற்றைத் தேடுவது இன்னொன்று. எலியோ மூஞ்சூறோ என்றால் கோபம் சீக்கிரம் ஆறிவிடும். கிடப்பது அணில்குஞ்சாகவோ, சிறகு விரிந்த தையல்சிட்டாகவோ இருந்தால் குழந்தைகள் அழுவார்கள், அன்றைக்கெல்லாம் பூனைக்குச் சாபம்தான். சாபத்துக்கு முன், அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பசித்தால் வேட்டை, பசி தீர்ந்தால் தூக்கம் என்றுதான் நாம் நினைக்கிறோம். பூனைக்கு அப்படி இல்லை. ராபர்ட் ஆடமெக் என்ற ஆய்வாளர் 1976இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. பூனைகளுக்கு மிகவும் பிடித்த மீன் உணவை வைத்துவிட்டு, அவை தின்றுகொண்டிருக்கும்போதே ஓர் எலியை உள்ளே விட்டார். பூனைகள் தட்டை விட்டு எழுந்து எலியைக் கொன்றன. கொன்ற எலியைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, மறுபடியும் மீனைத் தின்னத் தொடங்கின. பாய்வது, பிடிப்பது, கொல்வது, தின்பது ஆகிய ஒவ்வொன்றும் பூனையின் மூளையில் தனித்தனித் தூண்டுதல். ஜெர்மானிய விலங்கு நடத்தை அறிஞர் பால் லேஹாசன் பல்லாண்டுகள் பூனைகளைக் கவனித்துச் சொன்னதும் இதுதான்.

இதன் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு சுண்டெலியில் கிடைப்பது ஏறத்தாழ 30 கலோரி. வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். ஆக ஏழெட்டு சுண்டெலியாவது பிடித்தாக வேண்டும், பாய்ச்சல்களில் பாதிக்கு மேல் வீணாகும். வயிறு காலியான பிறகு கிளம்பலாம் என்று படுத்திருந்த பூனை பட்டினியில் செத்திருக்கும். அசைவது கண்ணில் பட்டதும் எழுந்த பூனைதான் பிழைத்துக் குட்டி போட்டது. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தானியக் களஞ்சியங்களைச் சுற்றி எலி தேடி வந்த காட்டுப்பூனையின் வாரிசுதான் நம் வீட்டுப் பூனை. சைப்ரஸ் தீவில் மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 ஆண்டு பழையது. இத்தனை காலம் கூட இருந்தும் மாட்டையோ நாயையோ மாற்றிய அளவுக்கு நாம் பூனையை மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை. எலி பிடித்தால் போதும் என்றுதான் வைத்திருந்தோம்.

சரி, கொன்றதை ஏன் வீட்டுக்குத் தூக்கி வர வேண்டும்? தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும் பிறகு உயிருள்ள இரையையும் கொண்டுவந்து போட்டுப் பழக்கும். டிம் காரோ 1980 வாக்கில் இதை விரிவாக ஆராய்ந்தார். அதை வைத்து, வேட்டை தெரியாத நம்மைக் குட்டியாக நினைத்துத்தான் கொண்டு வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கடுவன் பூனையும் கொண்டு வருகிறது, கருத்தடை செய்த பூனையும் கொண்டு வருகிறது. பூனை நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் பிராட்ஷா தரும் விளக்கம் எளிமையானது. வெட்டவெளியில் தின்றால் வேறு பூனையோ நாயோ பறித்துக்கொள்ளும். ஆகவே தனக்குப் பத்திரமான இடத்துக்குத் தூக்கி வருகிறது. வந்து சேர்ந்ததும் அங்கே தட்டில் இதைவிட ருசியான சாப்பாடு இருப்பது நினைவுக்கு வருகிறது, வாயில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறது. எனக்கு இந்த விளக்கமே பொருந்தி வருகிறது. பரிசு என்ற எண்ணம் மனதுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அதை நம்பினால், பரிசை மறுத்தால் பூனை நிறுத்திவிடும் என்றும் நம்பத் தோன்றும். அது நடக்காது.

அடித்தால் நடப்பது வேறு. அடியை வேட்டையோடு சேர்த்துப் பார்க்கப் பூனைக்குத் தெரியாது. அடித்த ஆளோடும் அடிபட்ட இடத்தோடும்தான் சேர்த்துப் பார்க்கும். விளக்குமாறு விழுந்த பூனை கொல்வதை விடாது. கொன்றதை வீட்டுக்குக் கொண்டு வருவதை வேண்டுமானால் விட்டுவிடும். நம் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

கண்ணில் படாதது இப்போதே நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா கட்டிப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவுப்படி, வேட்டையாடிய பூனைகள் தாங்கள் பிடித்ததில் 23 விழுக்காட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தன. 28 விழுக்காட்டைத் தின்றன. மீதி 49 விழுக்காட்டைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயின. வாசலில் ஓர் அணில் கிடந்தால் வேலியோரம் இன்னும் மூன்று உயிர்கள் போயிருக்கலாம் என்று பொருள்.

கொங்கு நாட்டில் அந்த மூன்று எவையாக இருக்கும்? கோவை நகரத்து வீட்டுமனைகளில் பல்லி, அரணை, ஓணான், அணில், தரையில் கூட்டமாகக் கிளறித் திரியும் தவிட்டுக்குருவி, செம்பருத்தி இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு. சாளை எனப்படும் தோட்டத்து வீடுகளில் சுண்டெலியும் வெள்ளெலியும் கூடுதல். காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகள் எனக்கு இன்னும் கவலை தருபவை. கிளுவை வேலி கட்டிய, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்த மேய்ச்சல் நிலங்களில் ஆட்காட்டி வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டு அடைகாக்கிறது, கௌதாரி புதரடியில் குஞ்சு பொரிக்கிறது. நரியிடமும் கீரியிடமும் ஏமாறாமல் தப்பிக்கக் கற்ற பறவைகள்தான். ஆனால் நரிக்கும் கீரிக்கும் யாரும் வேளாவேளைக்குச் சோறு வைப்பதில்லை. இரை குறைந்தால் அவற்றின் எண்ணிக்கையும் குறையும். பூனைக்கு அந்தக் கட்டு இல்லை. குருவி குறைந்தாலும் தட்டில் சோறு உண்டு, குட்டியும் பெருகும்.

ஆறு நாடுகளில் 925 வீட்டுப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கருவி கட்டி ரோலண்ட் கேஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே சுற்றுகின்றன. அந்தச் சிறு வட்டத்துக்குள் அவை உண்டாக்கும் சேதம், அதே பரப்பில் அதே அளவுள்ள காட்டு வேட்டை விலங்கு உண்டாக்குவதைவிடப் பலமடங்கு அதிகம். 1990இல் தொடங்கிய சலீம் அலி பறவையியல் மையம் ஆனைகட்டியில் இருக்கும் மாவட்டம் நம் கோவை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் வரை வீட்டுமனைகள் ஏறிக்கொண்டிருக்கும் மாவட்டமும் இதுதான். மனை ஏறும் இடமெல்லாம் பூனையும் ஏறுகிறது.

இனி தட்டுக்கு வருவோம். பெரும்பாலான கொங்கு வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பால்சோறு அல்லது தயிர்சோறு, பண்டிகைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எலும்புத் துண்டு. அன்போடுதான் வைக்கிறோம். ஆனால் பூனைக்கு இனிப்பே தெரியாது. நாவில் இனிப்பை உணரவைக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் பழுதாகிப் போனதை 2005இல் கண்டுபிடித்தார்கள். குட்டிப் பருவம் தாண்டியதும் பாலைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி பல பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது டாரின். இந்தச் சத்தை நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும், நாயும் ஓரளவு தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு முடியாது. இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை சிதைந்து பார்வை போகும் என்று 1970களிலும், இதயத் தசை தளர்ந்துவிடும் என்று 1987இலும் தெரியவந்தது. அரிசியில் டாரின் இல்லை, பாலில் சொற்பம், சுண்டெலியில் ஏராளம்.

இங்கேதான் இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு உதவுகிறது. 219 வீடுகளில், வேட்டையாடிக் கொண்டுவரும் பழக்கமுள்ள 355 பூனைகளை எடுத்துக்கொண்டார்கள். தானியம் சேராத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. இறகு கட்டிய குச்சியை வைத்துத் தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 விழுக்காடு குறைந்தது. கழுத்தில் பளிச்சென்ற வண்ணத்துணிப் பட்டை மாட்டியபோது, நிறம் பார்க்கும் கண்ணுள்ள பறவைகள் 42 விழுக்காடு தப்பின. எலிகள் தப்பவில்லை. பூனையை வீட்டுக்குள் பூட்டாமலே கிடைத்த முடிவுகள் இவை.

கழுத்தில் கட்டும் மணி விஷயத்தில் மட்டும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2005இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் மணி கட்டிய பூனைகள் கொண்டுவந்த பறவைகள் 41 விழுக்காடும் சிறு பாலூட்டிகள் 34 விழுக்காடும் குறைந்திருந்தன. எக்சிட்டர் ஆய்வில் மணியால் பயன் தெரியவில்லை. மணி குலுங்காமல் நடக்கச் சில பூனைகள் பழகிக்கொள்கின்றன போலும். கட்டுவதில் தவறில்லை, அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. எதைக் கட்டினாலும் கிளையில் மாட்டினால் தானே கழன்றுவிடும் பட்டையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் வேலியில் சிக்கிப் பூனை தூக்கு மாட்டிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த தீவனம் வேண்டியதில்லை. கோழிக்கடையில் இதயமும் ஈரலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இதயத்தில் டாரின் அதிகம். வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அந்தச் சாற்றையும் சேர்த்தே ஊற்ற வேண்டும். ஈரலைத் தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பைக் கெடுக்கும், வாரத்துக்கு ஒருநாள் போதும். மத்தியோ நெத்திலியோ உப்பில்லாமல் வேகவைத்துத் தரலாம். நம் குழம்பிலிருந்து எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சைவ வீடுகளில் கடையில் விற்கும் பூனைத் தீவனம் வாங்கி வைப்பதே சரி. அதில் டாரின் சேர்த்திருப்பார்கள். நாய்த் தீவனம் அதற்கு ஈடாகாது.

"வயிறார சோறு போட்டா அது எலி புடிக்காதுங்க" என்று தோட்டக்காரர்கள் சொல்வதுண்டு. சூழலியலின் முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் எல்டன் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துப் பண்ணைகளில் இதைப் பார்த்து 1953இல் எழுதினார். பண்ணையில் எலி ஏற்கனவே பெருகிவிட்டால் பூனையால் ஒழிக்க முடியவில்லை. முதலில் வேறு வழியில் எலிகளை ஒழித்துவிட்டு, பிறகு பூனைக்குத் தினமும் பால் ஊற்றித் தங்கவைத்த பண்ணைகளில் கட்டடங்களைச் சுற்றி எலி திரும்ப வராமல் பூனைகள் காத்தன. பால் பூனையை அந்த இடத்தில் இருத்தியது, வேலையை நிறுத்தவில்லை. பல்லடத்துக் கோழிப்பண்ணையிலும் நிலக்கடலை மூட்டை அடுக்கிய சாளையிலும் இது அப்படியே பொருந்தும். பட்டினி போட்ட பூனை எலியைத் தேடி அங்கேயே இருக்காது, கிடைப்பதைத் தேடி ஊர் சுற்றப் போய்விடும். ஆனால் சாக்கடைப் பெருச்சாளியைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நியூயார்க்கில் எலிகள் மொய்த்த ஒரு கழிவுக் கிடங்கில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்ததில், அங்கே திரிந்த பூனைகள் கொன்றது இரண்டே எலிகள். 2018இல் வெளியான ஆய்வு இது. கால்கிலோவுக்கு மேல் எடையுள்ள, திருப்பிக் கடிக்கத் தெரிந்த எலியோடு பூனை மோதுவதில்லை. அந்த எச்சரிக்கையால்தான் கொஞ்சம் பெரிய இரையை உடனே கொல்லாமல் தட்டித் தட்டி விளையாடுவதும். கொடூரம் என்று தோன்றும் அந்த விளையாட்டு, கடிபடாமல் இரையைக் களைக்க வைக்கும் வழி.

செத்த எலியைக் கையாளும் விதம் கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரைப் பிளேக் மீண்டும் மீண்டும் தாக்கியது. ஊரே காலி செய்துகொண்டு தோட்டங்காடுகளில் குடிசை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்களில் இன்றும் பூசை நடக்கிறது. எலி செத்து விழுந்த வீட்டில் மனிதருக்கும் நோய் வருவது ஏன் என்ற கேள்விக்கு 1898இல் கராச்சியில் விடை கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். பிளேக் கண்ட எலியைக் கண்ணாடிச் சாடியில் வைத்து, தான் தங்கியிருந்த விடுதியில் திரிந்த ஒரு பூனையிடமிருந்து தெள்ளுப்பூச்சிகளை எடுத்து அதன் மேல் விட்டார். எலி செத்துக் குளிர்ந்ததும், தொட முடியாத தூரத்தில் கூண்டிலிருந்த நல்ல எலிக்கும் சில நாளில் நோய் தொற்றியது. உடம்பு சூடு இறங்கியதும் தெள்ளுப்பூச்சி பிணத்தை விட்டு அடுத்த உடம்பைத் தேடுகிறது என்பதுதான் அவர் கண்டது.

இன்று கோவையில் பிளேக் பயம் இல்லை. தெள்ளுப்பூச்சி இன்னும் அப்படித்தான் குதிக்கிறது. எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், குடலில் சால்மோனெல்லா இருக்கலாம். ஆகவே வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, அதன் மேல் பழைய செய்தித்தாளை வைத்து எடுத்து, பையைத் திருப்பிக் கட்டிவிடலாம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் இன்னும் நல்லது. கிடந்த இடத்தைச் சோப்புத் தண்ணீராலும் பிளீச்சிங் பவுடராலும் கழுவுங்கள். எலி தின்னும் பூனைக்கு டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி வரலாம். முதல்முறை தொற்றியபின் ஒன்று முதல் மூன்று வாரம் வரை அதன் முட்டைகள் பூனையின் மலத்தில் வெளிவரும். வெளிவந்து ஒருநாளாவது ஆன பிறகுதான் அவை பிறருக்குத் தொற்றும். ஆகவே மலத்தட்டை அன்றாடம் சுத்தம் செய்தால் ஆபத்து பெருமளவு நீங்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்தால் போதும், பூனையைத் துரத்த வேண்டிய அவசியமில்லை.

உயிரோடு கொண்டு வந்தால் நேரம் மிகக் குறைவு. பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி, ஊசி குத்தியதுபோல் தெரியும் காயத்திலும் புகுந்து இரண்டு நாளில் பறவையைக் கொன்றுவிடும். "காயமே இல்லை, பறக்க விட்டுடலாம்" என்பது பலமுறை தவறாகிப் போகிறது. அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து, தண்ணீர் புகட்டாமல், அன்றே கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்க்க வேண்டும். அணிலைத் துணியால் மூடியே பிடியுங்கள். பூனையோ இரையோ கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போவதில் தாமதம் கூடாது. பூனைக்கும் ரேபிஸ் வரும். மலைக்கு மேலே குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இந்த நோயோடுதான் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போராடி வருகிறது. வெளியே திரியும் பூனைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டேயாக வேண்டும்.

கருத்தடையையும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்பது வாரச் சினையில் ஈனும் பெட்டை, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குட்டி போடும். குட்டியை வைத்திருக்கும் தாய்தான் மிகுதியாக வேட்டையாடும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாக 2013இல் மதிப்பிட்டபோது, அதில் பெரும்பங்கு யாரும் உரிமை கொண்டாடாத பூனைகளுடையது. நம் வீட்டுப் பெட்டையின் குட்டிகள்தான் சந்தையோரத்திலும் ஏரிக்கரையிலும் அப்படி ஆகின்றன. பறவைகள் கூடு கட்டும் மாதங்களிலாவது அந்தி மயங்கியதும் பூனையை உள்ளே அழைத்து விடியும்வரை வீட்டு ஆசாரத்திலேயே படுக்கவைத்தால், நிலத்தில் அடைகாக்கும் ஆட்காட்டிக்கு ஓர் இரவு கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, பூனையின் உயிர் போகும் காரியம் இது. நன்றாக ஓட வேண்டிய எலி பட்டப்பகலில் தள்ளாடி நடந்தால் அது மருந்து தின்ற எலியாக இருக்கலாம். புரோமாடியோலோன் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், அந்த நாள்களில் அதைப் பிடிப்பது பூனைக்கு வெகு சுலபம். தின்ற பூனைக்கு ஈறு வெளிறும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். துத்தநாக பாஸ்பைடு என்றால் மாற்று மருந்து கிடையாது. மணிக்கணக்கில் முடிந்துவிடும், பூனை வாந்தி எடுத்தால் அதிலிருந்து வரும் வாயு பக்கத்தில் இருப்பவருக்கும் கேடு. தோட்டத்தில் மருந்து வைக்கிறவர்கள் பக்கத்துச் சாளைக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். செத்த எலிகளைத் தேடிப் பொறுக்கிப் புதையுங்கள், அதுவரை பூனையைக் கட்டிப் போடுங்கள். மருந்து வந்த அட்டையைத் தூக்கி எறியாமல் பரணில் வைத்திருங்கள். கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.